தீ தெரிவதற்கு முன்பே வெப்பம் ஏறுகிறது: தன்வினைத் திரவ விபத்துகளில் முதலில் செய்ய வேண்டியவை

பெட்ரோல் பற்றியெரிய வேண்டுமானால் வெளியிலிருந்து ஒரு பொறியும் சுற்றிலும் காற்றும் வேண்டும். தன்வினைத் திரவங்கள் என்று நாங்கள் குறிப்பிடும் வேதிப்பொருள்களுக்கு இவ்விரண்டும் கட்டாயமில்லை. மூடிய கேனுக்குள், யார் கையும் படாத நிலையிலும், சூடு ஓர் எல்லையைக் கடந்துவிட்டால் அவை தாமாகவே சிதையத் தொடங்கும். சிதைவு வெப்பத்தைத் தரும், அந்த வெப்பம் சிதைவை மேலும் விரைவாக்கும். இறுதியில் கேன் வெடிக்கும்போதோ தீப்பிடிக்கும்போதோதான் மற்றவர்களுக்கு விபத்து நடப்பதே தெரிகிறது. உண்மையில் விபத்து அதற்குப் பல மணி நேரம் முன்பே, சில வேளைகளில் ஒரு நாள் முன்பே தொடங்கியிருக்கும். எனவே இவ்வகைப் பொருள் இருக்கும் இடத்தில் "எரிகிறதா?" என்று கேட்பதற்கு முன்பு "எத்தனை டிகிரி? ஏறுகிறதா?" என்று கேட்க வேண்டும். சென்னையில் தொழிற்பாதுகாப்புப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் நான் ஒவ்வொரு வகுப்பையும் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறேன்.

இப்படிப்பட்ட பொருள்கள் மணலியின் பெரிய ஆலைகளில் மட்டும் இருப்பவை என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய ஆலைகளில் வெப்பமானி, எச்சரிக்கை மணி, பயிற்சி பெற்ற குழு எல்லாம் இருக்கின்றன. எனக்குக் கூடுதலான கவலை தருபவை அம்பத்தூர், திருமுடிவாக்கம் போன்ற இடங்களின் சிறிய ஃபைபர் பட்டறைகளும், காசிமேட்டில் ஃபைபர் படகு பழுதுபார்க்கும் கொட்டகைகளும்தான். அங்கே ரெசினை இறுக வைப்பதற்குச் சேர்க்கப்படும் 'கேட்டலிஸ்ட்' பெரும்பாலும் மீத்தைல் எத்தில் கீட்டோன் பெராக்சைடு. வகைப்பாட்டில் அது கரிமப் பெராக்சைடு என்னும் தனிப் பிரிவில் வந்தாலும், தானே சிதையும் இயல்பிலும் விபத்தைக் கையாளும் முறையிலும் தன்வினைப் பொருள்களுக்கு மிக நெருங்கியது. தண்ணீரைப் போலவே நிறமற்றிருக்கும் அந்தத் திரவத்தைப் பெரிய கேனிலிருந்து குளிர்பான பாட்டிலில் ஊற்றி, மூடியால் அளந்து ரெசின் வாளியில் சேர்ப்பதைப் பல கொட்டகைகளில் பார்க்கிறேன். அதே பலகையில், கைக்கெட்டும் தூரத்தில், ரெசின் இறுகுவதை விரைவாக்கும் ஊதா நிறக் கோபால்ட் கலவையின் பாட்டிலும் இருக்கும். இவ்விரண்டும் ரெசினுக்குள் தனித்தனியாகச் சேர்க்கப்பட வேண்டியவை. ஒன்றோடொன்று நேரடியாகக் கலந்தால் அந்த நொடியே சீறித் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். வேறு எதையும் மாற்ற இயலாவிட்டாலும் அந்த இரண்டு பாட்டில்களையும் இன்றே வெவ்வேறு அலமாரிகளுக்கு மாற்றிவிடுங்கள் என்று பட்டறை உரிமையாளர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

வெப்பநிலை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஈரமாக அடுக்கிய வைக்கோல் போர் உள்ளுக்குள் சூடேறித் தானே பற்றிக்கொள்வதைக் கிராமத்தில் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: உள்ளே உண்டாகும் வெப்பம் வெளியே போகும் வெப்பத்தைவிட மிகுந்துவிட்டால் அதன் பிறகு அது நிற்காது. சிறிய பாட்டில் தன் சூட்டைச் சுவர் வழியாக இழந்துவிடும். பெரிய டிரம்மின் நடுப்பகுதிக்கு அந்த வழி இல்லை. ஒரு குறிப்பிட்ட பொதியில் சிதைவு தானாக வேகமெடுக்கத் தொடங்கும் மிகக் குறைந்த சுற்றுப்புற வெப்பநிலையைப் பாதுகாப்புத் தரவுத்தாளில் எஸ்.ஏ.டி.டி. என்று அச்சிட்டிருப்பார்கள். தன்வினைப் பொருள்களில் அது 55 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழ் என்றால், அந்தப் பொருளைக் குளிரூட்டித்தான் கொண்டுசெல்ல வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் அவையின் போக்குவரத்து விதி. அதோடு இரண்டு எண்களும் வகுக்கப்படும். ஒன்று எப்போதும் தாண்டக் கூடாத கட்டுப்பாட்டு வெப்பநிலை, மற்றது அவசர நடவடிக்கை தொடங்கியாக வேண்டிய அவசர வெப்பநிலை. எஸ்.ஏ.டி.டி. 40 டிகிரியாக உள்ள பொருளுக்குக் கட்டுப்பாட்டு வெப்பநிலை 30, அவசர வெப்பநிலை 35. கத்திரி வெயிலில் சென்னையின் நிழல் வெப்பமே 40 டிகிரியை எட்டுகிறது. ஆகவே எண்ணூர் சாலையின் நெரிசலில் நிற்கும் ஒரு குளிர்சாதன லாரியில் இயந்திரம் நின்றுபோனால், அதற்குள் இருக்கும் சரக்கு ஒன்றும் செய்யாமலே அவசர நிலையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கேன் உப்பியிருப்பது, மூடியின் ஓரத்தில் சீறல் கேட்பது, திரவத்தில் குமிழ் எழுவது, வெண்மையான ஆவி கசிவது, வழக்கமில்லாத நெடி ஆகிய ஐந்தில் எது ஒன்று தெரிந்தாலும் அது ஓடி விலக வேண்டிய நேரம். ஆனால் நல்ல மனமுள்ள ஒரு தொழிலாளி அந்த நேரத்தில் செய்வது வேறு. கடையைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில் கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவார், அல்லது அழுத்தத்தைக் குறைப்பதாக நினைத்து மூடியைத் திருகுவார். இரண்டுமே உயிரைப் பறிக்கக்கூடியவை. உராய்வும் அதிர்ச்சியும்கூடச் சிதைவைத் தூண்டும் பொருள் இது. சூடேறிய கேனை அசைப்பது, உருட்டுவது, திறப்பது எதுவும் கூடாது. வெப்பத்தை அறியக் கையை வைத்துப் பார்ப்பதும் கூடாது. தொலைவிலிருந்து அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி அவ்வளவு விலை உயர்ந்த கருவியும் அல்ல. ஆனால் அது காட்டுவது மேற்பரப்பின் சூட்டை மட்டுமே, நடுவில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்பதற்கு உலகெங்கும் மீட்புக் குழுவினர் பயன்படுத்தும் வட அமெரிக்க அவசரகாலக் கையேடு தெளிவான அளவுகளைத் தருகிறது. திரவக் கசிவு என்றால் எல்லாத் திசையிலும் குறைந்தது 50 மீட்டர். பெரிய கசிவு என்றால் காற்று வீசிச் செல்லும் திசையில் 250 மீட்டர் வரை மக்களை வெளியேற்றுவது பற்றி முடிவெடுக்க வேண்டும். டேங்கர் லாரி தீயில் சிக்கினால் 800 மீட்டர். காற்றுக்கு எதிர்ப்புறம், மேடான இடம் என்பது எல்லோரும் அறிந்த விதிதான். சென்னையில் அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோடைக்காலத்தில் காலையில் மேற்கிலிருந்து வீசும் காற்று, நண்பகலையொட்டிக் கடற்காற்று நுழைந்ததும் கிழக்கிலிருந்து வீசத் தொடங்கும். பத்து மணிக்குப் பாதுகாப்பாக இருந்த மேற்குப்புறக் கட்டுப்பாட்டு மையம் ஒரு மணிக்கு ஆவியின் பாதையில் இருக்கும். மணலி, எண்ணூர்ப் பகுதிகளில் ஒத்திகை நடத்தும்போது இரண்டு கூடுமிடங்களைக் குறித்துவைக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

விலகிய பின்பு அழைப்பு. 101 அல்லது 112, காயம்பட்டவர் இருந்தால் 108. "கெமிக்கல் தீப்பிடித்துவிட்டது" என்று மட்டும் சொன்னால் வரும் குழுவுக்கு அது எந்த வகையிலும் உதவாது. பொதியிலோ வாகனத்தின் அவசரத் தகவல் பலகையிலோ உள்ள, சரக்கு எது என்று காட்டும் நான்கு இலக்க ஐ.நா. எண்ணைச் சொல்லுங்கள். தன்வினைத் திரவங்களுக்கு 3221, 3223, 3225, 3227, 3229 ஆகிய எண்களும், குளிரூட்டிக் கொண்டுசெல்ல வேண்டியவற்றுக்கு 3231 முதல் 3239 வரையுள்ள ஒற்றைப்படை எண்களும் வரும். சிவப்பு, வெள்ளைச் செங்குத்துக் கோடுகள் கொண்ட சாய்சதுரம் தன்வினைப் பொருளையும், மேற்பாதி சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளுமான சாய்சதுரம் கரிமப் பெராக்சைடையும் குறிக்கும். கடைசியாகப் பார்த்த வெப்பநிலையையும், அதைப் பார்த்த நேரத்தையும், எத்தனை கேன்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால், நிலையத்திலிருந்து புறப்படும்போதே அதிகாரி எங்கே வண்டியை நிறுத்துவது என்று முடிவெடுத்துவிடுவார். லாரி ஓட்டுநர்கள் இருக்கையிலிருந்து இறங்கும்போதே ட்ரெம் கார்டை, அதாவது சரக்கின் ஆபத்தையும் அவசர நடவடிக்கையையும் சொல்லும் அட்டையை, கையோடு எடுத்துக்கொண்டு இறங்கப் பழக வேண்டும். எரியும் வண்டிக்குள் இருக்கும் கார்டு யாருக்கும் பயன்படாது.

தீயணைப்பதில் ஒரு தவறான நம்பிக்கையை நான் திரும்பத் திரும்ப எதிர்கொள்கிறேன். காற்றை மறைத்தால் தீ அணையும் என்பது இங்கே முழு உண்மை அல்ல. உலர் பவுடரோ கார்பன் டை ஆக்சைடோ சிறிய தீயின் சுவாலையை வீழ்த்தும், ஆனால் உள்ளே நடக்கும் சிதைவுக்குக் காற்று தேவையில்லை என்பதால் வெப்பம் ஏறிக்கொண்டே இருக்கும், சில நிமிடங்களில் மறுபடி பற்றும். பெரிய தீயில் ஒரே வழி தொலைவிலிருந்து ஏராளமான தண்ணீர். ஆள் பிடிக்கத் தேவையில்லாத நிலைத்த நீர்ப் பீச்சிகள் இருந்தால் அவற்றைப் பயன்படுத்த வேண்டும். சுவாலை அடங்கிய பிறகும் நீண்ட நேரம் பக்கத்துக் கேன்கள் மீது நீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். தண்ணீரைக் கொண்டுசேர்க்க முடியாத நிலை என்றால், எரிந்து முடியட்டும் என்று விலகி நிற்பதும் சரியான முடிவே.

தீ இல்லாத சிறு கசிவில் மக்கள் செய்யும் தவறு மரத்தூளும் காட்டன் வேஸ்டும். பெராக்சைடு ஊறிய மரத்தூள், மூலையில் குவித்து வைத்த நிலையில், தானே பற்றிக்கொள்ளும். ஈரப்படுத்திய மணல் அல்லது வெர்மிகுலைட் என்னும் எரியாத கனிமத் துகள் கொண்டு உறிஞ்சி, பொறி தராத சுத்தமான கருவியால் அள்ளி, பிளாஸ்டிக் வாளியில் இட்டுத் தளர்வாக மூடி, நிழலான திறந்த வெளியில் வைக்க வேண்டும். இறுக மூடினால் நாமே ஒரு வெடிகுண்டு செய்ததாகிவிடும். சிந்தியதை மீண்டும் பழைய கேனில் ஊற்றுவதும், இரும்பு, பித்தளைப் பாத்திரங்களில் பிடிப்பதும் வேண்டாம். துருவும் உலோகத் துகளும் சிதைவைத் தூண்டுபவை. கழிவைச் சாக்கடை வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு அனுப்பிவிடும் வழக்கத்தைப் பற்றி இங்கே விரிவாக எழுத இடமில்லை, ஆனால் மூடிய வடிகாலுக்குள் ஆவி தேங்கினால் அடுத்த தெருவில் வெடிக்கும் என்பதையாவது சொல்லியாக வேண்டும்.

கண்ணில் தெறித்தால் கணக்கு நொடிகளில். இமையை விரித்துப் பிடித்து, ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும், மருத்துவமனைக்குப் புறப்படுவது அதன் பிறகுதான். மீத்தைல் எத்தில் கீட்டோன் பெராக்சைடு விழிவெண்படலத்தை நிலையாகச் சிதைத்துப் பார்வையைப் பறிக்கும். குடித்துவிட்டவரை வாந்தியெடுக்க வைக்கக் கூடாது. குளிர்பான பாட்டில் பழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம், அந்தக் கொட்டகைகளில் தாகத்தோடு திரும்பும் தொழிலாளர்களும், சில இடங்களில் அவர்களின் குழந்தைகளும் இருக்கிறார்கள் என்பதே.

மின்சாரம் போவதைத் தனி ஆபத்தாகவே கருத வேண்டும். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலின்போது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கிராஸ்பி நகர ஆர்கெமா ஆலை வெள்ளத்தில் மூழ்கியது. மின்சாரமும் மாற்று ஜெனரேட்டர்களும் செயலிழந்தன, ஊழியர்கள் கரிமப் பெராக்சைடுகளைக் குளிர்சாதன டிரெய்லர்களுக்கு மாற்றினார்கள். அவையும் குளிர் இழந்ததும் எரியத் தொடங்கின. ஆலையைச் சுற்றி ஏறத்தாழ 2.4 கிலோமீட்டருக்கு மக்கள் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். நமக்கு அருகில், 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் 12 பேரைப் பலிகொண்ட ஸ்டைரீன் விபத்திலும், மின்சாரம் போகாவிட்டாலும், வேர் குளிர்விப்பின் குறைபாடே. ஸ்டைரீன் தன்வினைப் பட்டியலில் இல்லை, ஆனால் குளிர்விப்பும் தடுப்பு வேதிப்பொருளும் போதாத நிலையில் தானே வினைபுரிந்து சூடேறியது. தொட்டியின் அடியில் மட்டும் வெப்பம் அளக்கப்பட்டதால் மேலே ஏறிய சூடு கண்ணில் படவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரம் இன்றிக் கிடந்ததை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இருப்பைக் குறைப்பது, ஜெனரேட்டரைத் தரைத்தளத்திலிருந்து மேலே ஏற்றுவது, உலர் பனிக்கட்டி விற்பவரின் எண்ணைக் குறித்து வைப்பது ஆகியவை செப்டம்பர் மாதத்து வேலைகள். குளிர்விக்க எதுவும் கிடைக்காத நிலையில் உடனே வெளியேற வேண்டும் என்பதே கையேடு சொல்லும் விதி.

அந்த முடிவை யார் எடுப்பது என்பதும் முன்னதாகவே எழுதப்பட்டிருக்க வேண்டும். முதலாளியைத் தொலைபேசியில் பிடிக்கும் வரை காத்திருக்கும் நிலை இருக்கக் கூடாது. பொருளின் பெயர், ஐ.நா. எண், கட்டுப்பாட்டு வெப்பநிலை, அவசர வெப்பநிலை, அழைக்க வேண்டிய எண்கள், எந்த எண்ணைத் தாண்டினால் எல்லோரும் வெளியேற வேண்டும் என்ற ஒரு வரி ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரே தாளில் எழுதி, கிடங்குக் கதவின் வெளிப்புறத்தில் ஒட்டுங்கள், பணியில் இந்தி பேசும் தொழிலாளர்கள் இருந்தால் இந்தியிலும் ஒட்டுங்கள். இன்னொரு பிரதியை வாயிற்காவலரிடம் கொடுத்து, அவரையே படிக்கச் சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் இரவு இரண்டு மணிக்குச் சீறலை முதலில் கேட்கப்போகிறவர் பெரும்பாலும் அவர்தான்.