ஹை ரிஸ்க் ரிப்போர்ட்டும் நாற்பது வருடப் பழைய பயமும்

மூன்றாவது மாத ஸ்கேனும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் முடிந்து ‘ஹை ரிஸ்க், 1:180’ என்று ரிப்போர்ட் வந்தவுடன், குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் (21-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் அறிவு வளர்ச்சி மெதுவாகும் பிறவி நிலை) உறுதியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் பலர் என் அறைக்குள் வருகிறார்கள். “கலைச்சிடலாமா டாக்டர்?” என்பது முதல் கேள்வி. பாதி நேரம் அதைக் கேட்பது கூட வந்த பெரியவர்கள். கர்ப்பிணிப் பெண் வாயே திறப்பதில்லை.

1:180 என்றால், இதே எண் வந்த 180 பேரில் ஒருவரின் குழந்தைக்கு அது இருக்கக்கூடும், 179 பேரின் குழந்தைகளுக்கு இருக்காது. அவ்வளவுதான். தாயின் ரத்தத்தில் செய்யும் என்.ஐ.பி.டி. என்ற டி.என்.ஏ. சோதனை இதைவிட மிகத் துல்லியம். பாதிப்புள்ள 100 கருக்களில் சுமார் 99-ஐக் கண்டுபிடித்துவிடும். ஆனால் அது பார்ப்பது நஞ்சுக்கொடியிலிருந்து வந்து தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் டி.என்.ஏ.வை; சில சமயம் தவறாகவும் காட்டலாம். அதனால் அதை மட்டும் நம்பிக் கருவைக் கலைக்கக் கூடாது. உறுதியாகச் சொல்ல, 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவையோ, 16 வாரம் வாக்கில் பனிக்குட நீரையோ எடுத்துச் சோதிக்க வேண்டும். இதனால் கரு கலையும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

அப்புறம் பழி போடும் படலம். சொந்தத்தில் கட்டியதாலா, கிரகணத்தில் வெளியே வந்ததாலா, பெண் வீட்டுப் பக்கம் யாருக்காவது இருந்ததா? இதில் எதுவும் இல்லை. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது 21-வது குரோமோசோம் ஜோடி பிரியாமல் போவதுதான் காரணம். தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு கூடும். 40 வயதில் சுமார் 100-ல் ஒன்று. மிகச் சிலருக்கு மட்டும் இது தாய் அல்லது தந்தை வழியாக வரலாம் என்பதால், பெற்றோரின் குரோமோசோமையும் பார்க்க வேண்டியிருக்கும்.

நான் அதிகம் கவலைப்படுவது, உறுதியான பிறகு சொல்லப்படும் சொற்களைப் பற்றி. “இந்தக் குழந்தைங்க ரொம்ப நாள் இருக்காதுங்க” என்று மருத்துவர்களே இன்னும் சொல்கிறார்கள். 1983-ல் அமெரிக்காவில் இவர்களின் சராசரி ஆயுள் 25 வயதுதான். இன்று அங்கே ஏறக்குறைய 60. இடைப்பட்ட காலத்தில் குரோமோசோம் மாறிவிடவில்லை. இவர்களில் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். முன்பெல்லாம் ‘இவனுக்கு எதற்கு ஆபரேஷன்?’ என்று விட்டுவிட்டார்கள், பிறகு செய்ய ஆரம்பித்தார்கள். ஆயுள் கூடியதற்கு அது முக்கியக் காரணம்.

1982-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தின் புளூமிங்டனில் உணவுக்குழாய் இரைப்பையோடு சேராமல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அறுவை சிகிச்சை செய்தால் சரியாகக்கூடிய கோளாறு. டவுன் சிண்ட்ரோம் இருந்ததால் பெற்றோர் சிகிச்சை வேண்டாம் என்றார்கள், நீதிமன்றமும் தலையிடவில்லை. தத்தெடுக்க வேறு குடும்பங்கள் தயாராக இருந்தும், ஆறாம் நாள் குழந்தை இறந்துபோனது. அதற்கும் முன்னால், 1939 ஆகஸ்டில், டவுன் சிண்ட்ரோம் உள்ளிட்ட குறைகளோடு பிறக்கும் குழந்தைகளைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நாஜி ஜெர்மனி மருத்துவர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் உத்தரவு போட்டது. அப்படித் தெரிவிக்கப்பட்ட பல குழந்தைகள் மருத்துவமனைகளிலேயே கொல்லப்பட்டார்கள். படிவத்தை நிரப்பியவர்கள் என் தொழில்காரர்கள் என்பதை நான் மறப்பதில்லை. ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களோ, இந்த நிலையோடு பிறந்து இறந்த சிசுக்களைத் தங்கள் வீட்டுத் தரைக்கடியிலேயே புதைத்திருக்கிறார்கள். ஒரு சிசுவோடு வெண்கல வளையங்களும் கடல் சிப்பியும் கிடைத்தன. பழைய எலும்புகளின் டி.என்.ஏ.வைப் படித்த ஆய்வாளர்கள் 2024-ல் இதை வெளியிட்டார்கள்.

கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. இந்தியக் கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, கருவில் கடுமையான குறைபாடு இருந்தால் 24 வாரம் தாண்டியும் மருத்துவக் குழுவின் ஒப்புதலோடு கலைக்கலாம். அதனால் ஒரே நாளில் பதறி முடிவெடுக்கத் தேவையில்லை; ஆனால் முதல் ஸ்கேனை 11 முதல் 13 வாரத்துக்குள் எடுத்துவிட்டால் யோசிக்க நேரம் கிடைக்கும். தொடர்வது என்றால் கருவின் இதயத்துக்குத் தனி எக்கோ ஸ்கேன் எடுக்க வேண்டும். பிறந்ததும் தைராய்டு, காது கேட்கும் திறன் சோதனைகள், முதல் மாதங்களிலேயே பிசியோதெரபி. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ ‘டி.ஈ.ஐ.சி. (குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்) எங்கே?’ என்று கேளுங்கள், இந்தப் பயிற்சிகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.