தேருக்கு முன்னால் நடந்தவர்கள்

பள்ளியில் வரலாறு கற்பிக்க வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ரோமானியரின் வெற்றி ஊர்வலத்தைப் பாடமாக நடத்தி முடித்ததும், அதைப் படமாக வரைந்துவரச் சொல்வேன். எல்லா நோட்டிலும் நான்கு குதிரை பூட்டிய தேர் இருக்கும். அதில் இலைமகுடம் சூடிய தளபதி நிற்பார். தேருக்கு முன்னால் வெற்றுத்தாள்தான்.

உண்மையில் அந்த இடம் காலியாக இருந்ததில்லை. சிறைபிடிக்கப்பட்டவர்கள் அங்கேதான் நடத்திச் செல்லப்பட்டார்கள்.

தளபதிக்குப் பின்னால் நின்ற அடிமை, "நீயும் மனிதன்தான்" என்று காதோரம் சொன்னதாக ஒரு கதை கைப்பேசிகளில் சுற்றுகிறது. வெவ்வேறு காலத்து நூல்களில் கிடைத்த துண்டுகளை ஒட்டிச் சேர்த்த கதை அது. என் வருத்தம் வேறு. அந்தக் கதையும் நம் கண்ணைத் தேரின் மீதே நிறுத்திவிடுகிறது.

கி.மு. 168இல் பிட்னா என்ற இடத்தில் மாசிடோனிய மன்னன் பெர்சியஸைத் தோற்கடித்தார் ரோமானியத் தளபதி எமிலியஸ் பவுலஸ். மறு ஆண்டு ரோமில் மூன்று நாள் ஊர்வலம் நடந்தது. சிலைகளையும் ஓவியங்களையும் ஏற்றிய 250 வண்டிகள் முதல் நாள் சென்றன என்கிறார் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். வந்து சேர்ந்த செல்வம் கொஞ்சமல்ல; ரோமானியக் குடிமக்கள் செலுத்திவந்த நேரடி வரியே நிறுத்தப்பட்டது.

மூன்றாம் நாள், தங்கக் காசுகளுக்கும் கொம்பில் பொன் பூசிய 120 காளைகளுக்கும் பின்னால் பெர்சியஸின் பிள்ளைகள் வந்தார்கள். இரண்டு சிறுவர்கள், ஒரு சிறுமி. தங்களுக்கு நேர்ந்தது இன்னதென்று புரியாத வயது. அவர்களை வளர்த்தவர்களும் ஆசிரியர்களும் அழுதுகொண்டே உடன் நடந்தார்கள். கூட்டத்தை நோக்கித் தாங்களும் கையேந்தி, எப்படிக் கெஞ்ச வேண்டும் என்று குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். பார்த்த ரோமானியர் பலர் கண்ணீர் விட்டார்கள். கறுப்பு உடையில் பெர்சியஸ் பின்னால் வந்தான்.

இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஆசிரியர்களிடத்தில் நின்றுவிடுகிறேன். எழுத்தும் இலக்கணமும் சொல்லிக்கொடுத்தவர்கள் அன்று தெருவில் வைத்துச் சொல்லிக்கொடுத்த பாடம், கையை எப்படி நீட்டுவது என்பது.

பவுலஸின் வீட்டிலும் அப்போது சாவு. ஊர்வலத்துக்கு ஐந்து நாள் முன்பு 14 வயது மகன் இறந்தான். ஊர்வலம் முடிந்து மூன்று நாள் கழித்து 12 வயது மகன்.

சக ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். வெற்றியைச் சொல்லும்போது வரிசை முழுவதையும் சொல்லுங்கள். குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்று மறைக்காதீர்கள். என் வகுப்பில் அவர்கள் பயப்படவில்லை, கேள்வி கேட்டார்கள். "அந்தப் பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. இருவர் இறந்துபோனார்கள். அலெக்சாண்டர் என்ற மகன் மட்டும் பிழைத்து, உலோகத்தில் நுண்வேலை பழகி, லத்தீன் கற்று, ரோமானிய அதிகாரிகளிடம் எழுத்தராக வேலை பார்த்தான்.

இந்த ஆண்டு ஒரு மாணவி தந்த படத்தில் தேர் தாளின் ஓரத்தில் சின்னதாக இருக்கிறது. நடுவில் மூன்று குழந்தைகள். கடைசிச் சிறுமியின் முழங்கையைப் பின்னாலிருந்து ஒரு பெரிய கை தாங்கிப் பிடித்திருக்கிறது.