பொருளாதார வரலாறு படிக்க வருகிறவர்களுக்கு: அந்த எண்ணை எழுதியவர் யார்?

பொருளாதார வரலாற்றில் ஆய்வு செய்யலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் இரண்டு வகைத் தயக்கத்தைப் பார்க்கிறேன். பொருளியல் படித்தவர்கள், "முடிந்துபோன விஷயங்கள்தானே, இனி கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?" என்கிறார்கள். வரலாறு படித்தவர்கள், "புள்ளியியல் என்றாலே பயமாக இருக்கிறது" என்கிறார்கள். இந்தத் துறையில் பாடம் நடத்தியும் ஆய்வேடுகளை மதிப்பிட்டும் வருகிற எனக்கு, இரு சாராரும் நல்ல நேரத்தில் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்களே என்ற ஆதங்கம் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1993-இல் ராபர்ட் ஃபோகலுக்கும் டக்ளஸ் நார்த்துக்கும் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு கிடைத்தபோது, பொருளாதார வரலாற்றுக்கு அது அரிதான கௌரவம். அண்மை ஆண்டுகளில் நிலைமை வேறு. 2022-இல் பரிசு பெற்ற பென் பெர்னான்கி, 1930களின் பெருமந்தம் அவ்வளவு ஆழமாகப் போனதற்கு வங்கிகள் வரிசையாக வீழ்ந்தது முக்கியக் காரணம் என்று 1983-இல் எழுதியவர். 2023-இல் கிளாடியா கோல்டின். 2024-இல் டாரோன் அசெமோக்லு, சைமன் ஜான்சன், ஜேம்ஸ் ராபின்சன். 2025-இல் பரிசின் ஒரு பாதி ஜோயல் மோகிருக்கு. நான்கு ஆண்டுகளாகத் தொடர்ந்து, கடந்த காலத்தைத் தோண்டியவர்கள் மேடை ஏறியிருக்கிறார்கள்.

பரிசைப் பார்த்துத் துறையைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்ல மாட்டேன். இந்தப் பரிசுகளுக்குப் பின்னால் எப்படிப்பட்ட வேலை இருக்கிறது என்று பாருங்கள். கோல்டினின் வேலையையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களில், திருமணமான பெண்ணின் தொழில் என்ற இடத்தில் பெரும்பாலும் "மனைவி" என்றே எழுதியிருப்பார்கள். அவர் கணவரோடு வயலில் உழைத்திருக்கலாம், குடும்பக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கலாம், வீட்டிலேயே கூலிக்குத் துணி தைத்திருக்கலாம். படிவத்தில் அதற்கு இடமில்லை. நேரப் பயன்பாட்டுக் குறிப்புகள், தொழில்துறைப் புள்ளிவிவரங்கள் போன்ற வேறு ஆதாரங்களைக் கொண்டு கோல்டின் அந்தக் கணக்கைத் திருத்தினார். 1890களின் இறுதியில் வேலை செய்த திருமணமான பெண்களின் விகிதம், கணக்கெடுப்பு காட்டியதைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று தெரிந்தது. நாடு தொழில்மயமாக ஆக, பெண்கள் வேலைக்கு வருவதும் சீராகக் கூடும் என்ற எண்ணம் அதோடு உடைந்தது. விகிதம் முதலில் இறங்கி, பிறகுதான் ஏறியது.

ஆக, கேள்வி புதியது. ஆதாரமோ எல்லோரும் ஏற்கெனவே புரட்டிய ஆதாரம். "இந்த எண்ணை எழுதியவர் யார், எதற்காக எழுதினார்?" என்று நின்று கேட்டவருக்குப் பதில் கிடைத்தது.

இதே கேள்வியை லண்டன் கட்டடத் தொழிலாளர்களின் கூலி விஷயத்தில் கேட்டவர் ஜூடி ஸ்டீபன்சன். தொழிற்புரட்சி ஏன் இங்கிலாந்தில் தொடங்கியது என்பதற்கு ராபர்ட் ஆலன் முன்வைத்த விளக்கம் புகழ்பெற்றது: அங்கே கூலி அதிகம், நிலக்கரி மலிவு, அதனால் ஆளுக்குப் பதில் இயந்திரம் வைப்பது லாபமாக இருந்தது. இந்த "அதிகக் கூலி" என்ற முடிவுக்கு அடிப்படையாக இருந்தவற்றில் ஒன்று, லண்டனின் பெரிய நிறுவனங்களின் கட்டுமானக் கணக்கேடுகளிலிருந்து எடுத்த நாள்கூலித் தொடர். 2018-இல் வெளியான ஆய்வில் ஸ்டீபன்சன் காட்டியது இது: அந்த ஏடுகளில் இருப்பது நிறுவனம் ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த தொகை. அதில் ஒப்பந்ததாரரின் செலவும் லாபமும் அடக்கம். கொத்தனார் கைக்குப் போனது அதைவிட 20 முதல் 30 சதவீதம் குறைவு. தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய எண் வரிசை, ஏட்டில் உள்ளபடி சரியாகத்தான் படியெடுக்கப்பட்டிருந்தது. அது என்ன தொகை என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை. ஆலன் இதற்கு மறுப்பு எழுதினார், விவாதம் ஓயவில்லை. ஜேன் ஹம்ஃப்ரீஸும் ஜேக்கப் வைஸ்டார்ஃபும் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார்கள். நாள்கூலியை எடுத்து, ஆண்டுக்கு இத்தனை நாள் வேலை என்று அனுமானித்துப் பெருக்குவதற்குப் பதிலாக, ஆண்டு ஒப்பந்தத்தில் வேலை செய்தவர்களின் சம்பளத்தைத் தேடி எடுத்து 1260 முதல் 1850 வரையிலான வருமானத்தைப் புதிதாகக் கணக்கிட்டார்கள். படம் கணிசமாக மாறியது.

மாணவர்களிடம் நான் மிகுந்த ஆர்வத்தோடு விளக்கும் இன்னொரு ஆய்வு, டேவ் டொனால்ட்சன் உப்பைக் கொண்டு செய்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் ரயில் பாதை போட்டதால் சரக்குப் போக்குவரத்துச் செலவு எவ்வளவு குறைந்தது என்று அறிய வேண்டும். செலவை நேரடியாகச் சொல்லும் பதிவு இல்லை. இரண்டு ஊர்களின் விலை வித்தியாசத்தைப் பார்க்கலாம் என்றால், அந்தச் சரக்கு உண்மையில் இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்குத்தான் போனதா என்று தெரியாது. வட இந்தியச் சந்தைகளில் உப்பை அது விளைந்த இடத்தின் பெயரால் தனித்தனியாக விற்றார்கள்; விலையும் அப்படியே பதிவானது. கோஹாட் உப்பு கோஹாட்டில் மட்டுமே கிடைக்கும், சாம்பர் உப்பு சாம்பர் ஏரியில் மட்டுமே. ஆகவே தொலைவில் உள்ள மாவட்டத்தில் கோஹாட் உப்பின் விலைக்கும் கோஹாட்டிலேயே உள்ள விலைக்கும் இடையிலான வித்தியாசம், கொண்டுபோன செலவைக் காட்டிவிடும். அதை வைத்துத் தொடங்கி, ரயில் வந்த மாவட்டத்தில் விவசாயத்தின் மெய்வருமானம் (விலைவாசி மாற்றத்தைக் கழித்த வருமானம்) சுமார் 16 சதவீதம் உயர்ந்தது என்ற மதிப்பீடுவரை அவர் போனார். கட்டுரை 2018-இல் வெளியானது. இதில் கணிதம் கடினமானதுதான். ஆனால் உப்பின் பெயரில் ஊர் இருக்கிறது என்பதைக் கவனித்த கண், ஆவணத்தைப் பொறுமையாகப் படித்த கண்.

எழுத்தே இல்லாத ஆதாரங்களும் துறைக்குள் வந்துவிட்டன. வெள்ளியை உருக்கிப் பிரித்தபோது காற்றில் கலந்த ஈயம், கிரீன்லாந்தின் பனி அடுக்குகளில் ஆண்டுவாரியாகப் படிந்திருக்கிறது. அதை அளந்து, பண்டைய ரோமின் சுரங்கத் தொழில் எப்போது பெருகியது, போரிலும் கொள்ளைநோயிலும் எப்போது சரிந்தது என்று 2018-இல் ஒரு குழு காட்டியது.

இனி இயந்திரங்களின் பங்கு. வாய்ப்பும் ஆபத்தும் அதிகமாக இருப்பது இங்கேதான். கையெழுத்தைப் படிக்கும் டிரான்ஸ்கிரிபஸ் போன்ற மென்பொருள்கள் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களில் ஏறத்தாழ 50 லட்சம் கையெழுத்துப் பக்கங்களைக் கணினி எழுத்தாக மாற்றி, தேடக்கூடியதாக்கும் பணியை நெதர்லாந்தில் குளோபலைஸ் திட்டம் செய்துவருகிறது. அமெரிக்கப் பழைய செய்தித்தாள்களின் சுமார் இரண்டு கோடி ஸ்கேன் பக்கங்களை மெலிசா டெல்லின் குழு ஆய்வுக்கு உகந்த தரவாக்கியிருக்கிறது. ஒருவர் வாழ்நாள் முழுவதும் உட்கார்ந்தாலும் படித்து முடிக்க முடியாத அளவு இது.

ஆனால் அட்டவணை என்று வந்தால் கவனம் தேவை. அண்மையில் ஒரு மாணவி, ஸ்கேன் செய்த வணிகப் பேரேட்டை இயந்திரத்தில் கொடுத்து எடுத்த எக்செல் கோப்பைக் கொண்டுவந்தார். பார்வைக்கு மிக நேர்த்தி. மூலப் பக்கத்தை அருகில் வைத்து வரி வரியாகப் பார்த்தோம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முந்தைய பக்கக் கூட்டுத்தொகையைக் குமாஸ்தா கொண்டுவந்து எழுதியிருந்தார். இயந்திரம் அதைப் புதிய வரவாக எண்ணியிருந்தது. மேற்படி என்பதற்கான குறி இருந்த இடங்களில் சரக்கின் பெயர் காலியாகிவிட்டது. சிறு கோடு போட்ட இடமெல்லாம் பூஜ்யமாகியிருந்தது. அந்தக் கோட்டுக்கு "சரக்கு வரவில்லை" என்று பொருளா, "தகவல் வரவில்லை" என்று பொருளா என்பது ஏட்டின் முகப்புக் குறிப்பைப் படித்தால்தான் தெரியும். அவர் அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்திருக்கவே இல்லை.

செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளைக் கொண்டு படியெடுக்கும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது. படிக்க முடியாத இடத்தைக் காலியாக விடாமல், பொருத்தமாகத் தோன்றும் எண்ணை அவை நிரப்பிவிடக்கூடும். சாதாரணப் பிழை கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. இதற்கு நான் வலியுறுத்தும் சோதனை மிகப் பழையது: ஒவ்வொரு பத்தியையும் (மேலிருந்து கீழாக வரும் எண் வரிசையை) நீங்களே கூட்டி, அடியில் குமாஸ்தா எழுதிய மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாத பக்கத்தை மட்டும் கையால் சரிபாருங்கள். சில சமயம் குமாஸ்தாவே தவறியிருப்பார். அதையும் திருத்தாமல், அருகில் குறித்து வையுங்கள். பழைய எடை, முகத்தல், நாணய அளவுகளை ஏட்டில் உள்ளபடியே ஒரு பத்தியில் வைத்துக்கொண்டு, மாற்றிய அளவை வேறொரு பத்தியில் எழுதுங்கள். மூலத்தின் மேலேயே மாற்றி எழுதிவிட்டால் பிறகு எவராலும் சரிபார்க்க முடியாது.

பதிவில் யார் இருக்கிறார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். தொழில்மயமான காலத்தில் வருமானம் உயர்ந்தும் மக்களின் சராசரி உயரம் குறைந்தது என்ற புதிர், பெரும்பாலும் படைவீரர்கள், கைதிகளின் பதிவேடுகளிலிருந்து வந்தது. வெளியே நல்ல வேலை கிடைக்கிற காலத்தில் யார் படையில் சேர்வார்கள்? உயரம் குறைந்தது மக்களுக்கா, படையில் சேர வந்தவர்களுக்கு மட்டுமா என்ற கேள்வியை ஹோவர்ட் போடன்ஹார்னும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் எழுப்பினார்கள்.

ஒரு வகை ஆய்வைக் குறித்து இளையவர்களை நேரடியாகவே எச்சரிக்க விரும்புகிறேன். பல நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு நிகழ்வு இன்றைய வறுமையை விளக்குகிறது என்று சொல்லும் கட்டுரைகள் ஏராளம். அவற்றில் மிகச் சிறந்தவை உண்டு. பெருவில் 1573 முதல் 1812 வரை சுரங்கங்களுக்கு ஆள்பிடித்த மிட்டா முறையைப் பற்றி மெலிசா டெல் 2010-இல் வெளியிட்டது, அந்த முறை நடந்த பகுதியின் எல்லைக்கோட்டுக்கு இரு பக்கமும் உள்ள ஊர்களை நுணுக்கமாக ஒப்பிட்ட ஆய்வு. ஆனால் அந்தப் பாணியைப் பார்த்து, பழைய வரைபடம் ஒன்றையும் இன்றைய வருமான வரைபடம் ஒன்றையும் மேலே மேலே போட்டு முடிவு சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். பக்கத்துப் பக்கத்து இடங்கள் ஒன்றுபோல் இருப்பது இயல்பு. அதைக் கணக்கில் எடுக்காவிட்டால், கணினியில் தற்செயலாக உருவாக்கிய ஒரு வரைபடம்கூட இன்றைய நிலையை "விளக்குவது" போலத் தோன்றும் என்று மோர்கன் கெல்லி 2019-இல் காட்டினார். 2024 பரிசுக்குரிய ஆய்வுகளில் மிகவும் அறியப்பட்டது, காலனி ஆட்சியில் உருவான அமைப்புகளே நாடுகளின் இன்றைய வருமான வேறுபாட்டுக்குக் காரணம் என்று வாதிட்ட 2001-ஆம் ஆண்டுக் கட்டுரை. அதுவும் சோதனைக்குத் தப்பவில்லை. அதிலுள்ள 64 நாடுகளில் 36 நாடுகளுக்கு, வாதத்தின் அடிப்படையான ஐரோப்பியக் குடியேறிகளின் இறப்பு விகிதம் வேறு நாடுகளிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டது என்று டேவிட் அல்பூயி 2012-இல் சுட்டிக்காட்டினார். ஆசிரியர்கள் விரிவாகப் பதில் அளித்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ஆறு மாத வகுப்பில் கற்பதைவிட அதிகம் கற்கலாம். இப்படி மறுசோதனை செய்வதே இன்று ஒரு மாணவர் துணிந்து இறங்கக்கூடிய களம். தரவும் நிரல்களும் ஆய்விதழ்களின் தளங்களிலேயே கிடைக்கின்றன.

வேலைவாய்ப்பைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். பொருளாதார வரலாற்றுக்கென்று தனியாகப் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் போலத் தனித்துறை வைத்திருப்பவை சில. பெரும்பாலோர் பொருளியல் துறையிலோ வரலாற்றுத் துறையிலோதான் இடம் தேட வேண்டும். ஆனால் ஐரோப்பாவில் பல முனைவர் பட்ட இடங்கள் சம்பளத்தோடு கூடிய ஆய்வுத் திட்டப் பணிகளாகவே வருகின்றன. குறிப்பிட்ட மொழி, குறிப்பிட்ட எழுத்து படிக்கத் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்கும் அறிவிப்புகளும் உண்டு. ஒட்டோமன் துருக்கி, பழைய டச்சு, முன்பு மராத்தி எழுதப் பயன்பட்ட மோடி எழுத்து, ஓலைச்சுவடி எழுத்து என எதுவானாலும், அதோடு 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருளும் அடிப்படைப் புள்ளியியலும் தெரிந்தவர்கள் மிகச் சிலர். புள்ளியியலை ஓராண்டில் தேவையான அளவு கற்றுவிடலாம். பழைய எழுத்தைப் படிக்கும் பழக்கத்துக்கு அதைவிட நேரம் பிடிக்கும். வரலாறு படித்தவர்கள் தயங்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே மத்திய வங்கிகள் இருக்கின்றன. பல நூற்றாண்டுகளின் பொருளாதாரத் தரவைத் தொகுத்து இங்கிலாந்து வங்கி இலவசமாக வெளியிட்டிருக்கிறது. 18 நாடுகளின் கடன், வட்டி, வீட்டு விலைத் தரவை 1870 முதல் தொகுத்திருக்கும் மேக்ரோஹிஸ்டரி தரவுத்தளம், நிதி நெருக்கடிகளை ஆராய்கிறவர்களுக்கு அன்றாடக் கருவி. ஆவணக் காப்பகங்களின் மின்னாக்கப் பணிகள், பழைய நிறுவனங்களின் சொந்தக் காப்பகங்கள், காலநிலை ஆய்வுக் குழுக்கள் ஆகியவற்றிலும் இந்தப் பயிற்சிக்கு வேலை உண்டு. துறையில் யார் என்ன செய்கிறார்கள் என்று அறிய, மூன்றாண்டுக்கு ஒருமுறை கூடும் உலகப் பொருளாதார வரலாற்று மாநாட்டின் நிகழ்ச்சி நிரலைப் படியுங்கள். 2025-இல் அது லுண்டில் நடந்தது. நேரில் போக முடியாவிட்டாலும், அமர்வுகளின் தலைப்புகளே துறை எந்தத் திசையில் நகர்கிறது என்று சொல்லிவிடும்.

தொடங்க நினைப்பவர்கள் பெரிய தரவுத்தளத்தைப் பதிவிறக்கம் செய்துவிட்டுக் கேள்வி தேடாதீர்கள். 169 நாடுகளின் நீண்டகால வருமான, மக்கள்தொகை மதிப்பீடுகளைக் கொண்ட மேடிசன் தரவுத்தளம் அருமையானது; ஆனால் பழைய நூற்றாண்டுகளுக்கான அதன் எண்களில் பல, யாரோ ஒருவர் தனித்தனி ஆதாரங்களிலிருந்து கட்டிய மதிப்பீடுகள். சிறிய மூலம் ஒன்றை எடுங்கள். ஒரே ஒரு பேரேடு, ஒரே ஒரு பதிவேட்டு வரிசை போதும். அட்டை முதல் அட்டை வரை படியுங்கள். எழுதியவர் யார், யாருக்குக் காட்ட எழுதினார், யாரெல்லாம் விடுபட்டிருக்கிறார்கள், எந்தப் பத்தி எப்போது சேர்ந்தது என்று சில பக்கங்கள் எழுதுங்கள். அந்தக் குறிப்பை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தள்ளாமல் முதல் இயலிலேயே வையுங்கள். மதிப்பீட்டுக்கு வரும் ஆய்வேட்டில் நான் முதலில் தேடிப் படிப்பது அந்தப் பக்கங்களைத்தான்.