"கழித்தலில் கட்டம் வந்தால் கூட்டு" என்று தயவுசெய்து சொல்லிக்கொடுக்காதீர்கள்

நான்காம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளில் ஆண்டுதோறும் ஒரே தவறு வந்துகொண்டேயிருக்கிறது. 15 − □ = 7 என்ற கணக்கில், அழித்துத் திருத்திய தடம்கூட இல்லாமல், கட்டத்துக்குள் 22 என்று அழகாக எழுதியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "விடுபட்ட எண் கேட்டால் கழித்தலைக் கூட்டலாக மாத்தணும், டீச்சர்" என்கிறார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்றால் அம்மா, இல்லையென்றால் டியூஷன் அக்கா. இந்த வாரமும் அப்படி ஒரு நோட்டு என் மேசைக்கு வந்தது. இனியும் பேசாமலிருக்க முடியாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்தக் குறுக்குவழி எங்கிருந்து முளைத்தது என்பது தெரிந்ததுதான். □ − 7 = 8 என்ற கணக்கில் 8-ஐயும் 7-ஐயும் கூட்டினால் 15 வந்துவிடுகிறது; பெற்றோருக்கும் மகிழ்ச்சி, பிள்ளைக்கும் மகிழ்ச்சி. ஆனால் கழித்தல் கணக்கில் மூன்று இடங்கள் உள்ளன: முதலில் இருந்தது, அதிலிருந்து போனது, கடைசியில் மீதி. இருந்தது எவ்வளவு என்று தெரியாதபோது மட்டும்தான் போனதையும் மீதியையும் சேர்க்க வேண்டும். போனது எவ்வளவு என்று தெரியாவிட்டால், இருந்ததிலிருந்து மீதியைக் கழித்தாக வேண்டும். மூன்றில் ஓரிடத்துக்கு மட்டும் பொருந்துவதை எல்லா இடத்துக்கும் விதியாக்கிக் கொடுத்தால், பிள்ளை கட்டம் எங்கே இருக்கிறது என்றே பார்ப்பதில்லை. கட்டமும் கழித்தல் குறியும் கண்ணில் பட்டவுடன் கை தானாகக் கூட்டிவிடுகிறது. 13 − □ = 13 என்று கொடுத்துப் பாருங்கள். விதியை மனப்பாடம் செய்த பிள்ளை தயங்காமல் 26 என்று எழுதும். பதின்மூன்றில் இருபத்தாறு போனால் பதின்மூன்று மீதியா என்று ஒரு முறை வாய்விட்டு வாசித்திருந்தால் அதற்கே சிரிப்பு வந்திருக்கும். பிள்ளைக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. யோசிக்கத் தேவையில்லை என்று நாம்தான் பழக்கிவிட்டோம்.

இதோடு ஒட்டிய இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். 7 = 15 − □ என்று திருப்பி எழுதினால் பாதி வகுப்பு "கணக்கு தப்பா இருக்கு, டீச்சர்" என்கிறது. சமக்குறி என்றால் "இதற்கு அப்புறம் விடை எழுது" என்று பொருள் என அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது மிக எளிது. பதினைந்து புளியங்கொட்டைகளைப் பிள்ளையையே எண்ணி வைக்கச் சொல்லுங்கள். அது கண்ணை மூடியிருக்கும்போது சிலவற்றை எடுத்துக் கைக்குள் மறைத்துக்கொண்டு, தரையில் ஏழை மட்டும் விடுங்கள். கைக்குள் எத்தனை என்று கேட்டால் இருபத்திரண்டு என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. ஏழிலிருந்து பத்துக்கு மூன்று, பத்திலிருந்து பதினைந்துக்கு ஐந்து, ஆக எட்டு என்று விரல்விட்டு ஏறிவரும். அதன் பிறகு அதே கணக்கை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கொட்டை இல்லாமல் நேராக நோட்டுக்குப் போகாதீர்கள். 63 ரூபாய்க்குச் சாமான் வாங்கி நூறு ரூபாய்த் தாளை நீட்டினால், கடைக்காரர் 63-லிருந்து மேலே எண்ணிக்கொண்டே சில்லறையைக் கையில் வைப்பதும் இதே முறைதான். இப்போது எல்லாரும் போனைக் காட்டிப் பணம் கட்டுவதால் பிள்ளைகளுக்கு அதைப் பார்க்கும் வாய்ப்பு குறைந்துவிட்டது. வாரத்துக்கு ஒரு முறையாவது ரொக்கத்தைக் கொடுத்துப் பிள்ளையைக் கடைக்கு அனுப்புங்கள்.

இடமதிப்போடு வரும் கணக்குகளில் இந்தக் குறுக்குவழி இன்னும் மோசமாகக் காலை வாரும். 5□2 − 27□ = 246 என்பதில் ஒன்றாம் இடத்தைப் பாருங்கள். 2-லிருந்து எதை எடுத்தாலும் 6 மீதி வராது. எனவே பத்தாம் இடத்திலிருந்து கடன் வாங்கியாயிற்று, 12-இல் 6 போயிருக்கிறது. விதிப்படி போகும் பிள்ளை 2-ஐயும் 6-ஐயும் கூட்டி அங்கே 8 என்று எழுதும். பத்தாம் இடத்தில் 7-ஐயும் 4-ஐயும் கூட்டி 11 என்று சொல்லி, 1-ஐ மட்டும் கட்டத்தில் போடும். கொடுத்த கடன் அதன் நினைவிலேயே இருக்காது. அங்கே வர வேண்டியது 2.

விடை தவறு என்று சிவப்பு மையால் பெருக்கல் குறி போடும் முன், "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று ஒரு கேள்வி கேளுங்கள் என்று சக ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன். பெற்றோர்களே, விடை எழுதியதும் அதைக் கட்டத்தில் வைத்து முழுக் கணக்கையும் உரக்க வாசிக்கச் செய்யுங்கள். பெரிய கணக்கென்றால் 276-ஐயும் 246-ஐயும் கூட்டி 522 வருகிறதா என்று பக்கத்திலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு நோட்டில் நான்கு வரி கூடுதலாகச் செலவாகும். தாள் வீணாகிறது என்று பிள்ளையைத் திட்டாதீர்கள்.