நாலு பத்து, ஒரு பதினஞ்சு: பேஸ் கேபினட்டுகள சேத்தா உள்ள என்ன நடக்குது

பேஸ் கிட்டார் வாசிக்கறவங்க கிட்ட ரொம்ப நாளா ஒரு நம்பிக்கை இருக்கு, பதினஞ்சு இன்ச் ஸ்பீக்கர் அடி சத்தத்துக்கு, பத்து இன்ச் மேல் சத்தத்துக்கு, அதனால நாலு பத்து இருக்கற பெட்டிக்கு (கேபினட்டுக்கு) கீழ ஒரு பதினஞ்சு வச்சுட்டா ரெண்டும் கெடைச்சுடும்னு. கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா நடுவுல கிராஸ்ஓவர், அதாவது அடி சத்தத்தயும் மேல் சத்தத்தயும் பிரிச்சு அனுப்பற சர்க்யூட், எதுவும் போடலன்னா ஆம்ப்ல இருந்து வர்ற முழு சிக்னலும் ரெண்டு பெட்டிக்கும் அப்படியே போகுது, யாரும் பிரிச்சுக் குடுக்கறதில்ல.

கோன், அதாவது ஸ்பீக்கர்ல முன்னும் பின்னும் ஆடற கூம்பு, அதோட பரப்ப பாருங்க. ஒரு பதினஞ்சுக்கு சுமார் 850 சதுர சென்டிமீட்டர், ஒரு பத்துக்கு சுமார் 350, நாலு சேந்தா 1400. அப்போ கோன் ஒரே தூரம் ஆடினா காத்த அதிகமா தள்றது நாலு பத்துதான். அடி எவ்வளவு எறங்கும்ங்கறத பெட்டியோட கொள்ளளவு, போர்ட் ட்யூனிங் (பெட்டில இருக்கற காத்து ஓட்டை எந்த அதிர்வெண்ணுக்கு ஒத்துப்போகுதுங்கறது), கோன் எவ்வளவு தூரம் ஆடும், இதெல்லாம் சேந்து முடிவு பண்ணுது, இன்ச் மட்டும் இல்ல. 1969ல வந்த ஆம்பெக் எஸ்விடி ஆம்ப்போட பேர் வாங்கின கேபினட்ல எட்டு பத்துதான், பதினஞ்சே கெடையாது. அதோட சத்தம் 58 ஹெர்ட்ஸ்லயே 3 டெசிபல் கொறஞ்சிடும், பேஸோட தடிச்ச இ ஸ்ட்ரிங்கோ 41 ஹெர்ட்ஸ், ஆனாலும் நமக்கு கனமா கேக்குது, ஏன்னா 82ல இருக்கற ஹார்மோனிக்கும் (அதே சுரத்தோட மடங்கு அதிர்வெண்) அதுக்கு மேல உள்ளதும் வலுவா வந்தா மூளையே அடி சுரத்த நெரப்பிக்குது.

அடுத்தது பவர். ரெண்டு பெட்டியும் 8 ஓம்னா (ஓம்ங்கறது மின்சாரத்துக்கு பெட்டி குடுக்கற தடை), பேரலலா மாட்டினா ஆம்ப் பாக்கறது 4 ஓம், பவர் சரிபாதி. 500 வாட் வந்தா பெட்டிக்கு 250, அந்த ஒத்தப் பதினஞ்சு மொத்த 250யும் தாங்கணும், ஒவ்வொரு பத்துக்கும் வெறும் 62 சொச்சம்தான். முதல்ல தெணறப் போறது எதுன்னு சொல்ல வேண்டியதில்ல. ஒண்ணு 4 ஓம், இன்னொண்ணு 8 ஓம்னா மொத்தம் 2.67, இத தாங்காத ஆம்ப் நெறைய இருக்கு, பின்னாடி எழுதியிருக்கற குறைஞ்சபட்ச ஓம படிக்காம மாட்டாதீங்க.

எனக்கு முக்கியமா படறது ஃபேஸ், அதாவது ரெண்டு பெட்டியோட ஒலி அலையும் நேரம் ஒத்து வருதாங்கறது. ஊஞ்சல ரெண்டு பேர் தள்ளறப்போ நேரம் ஒத்துப்போனா உயரமா போகும், ஒருத்தர் முன்ன பின்ன தள்ளினா வேகம் செத்துடும், அதே கததான். ஒரு பெட்டி 50 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் ஆகி இன்னொண்ணு 35க்கு ஆகியிருந்தா, இல்ல ஒண்ணு போர்ட் வச்சது இன்னொண்ணு மூடினதுன்னா, அடி சுரங்கள்ல ரெண்டும் சேந்து தள்ளாது, கொஞ்சம் ஒண்ண ஒண்ணு அழிச்சுக்கும். வீட்ல தனியா கேக்கறப்போ பிரமாதமா இருந்த பெட்டி ஜோடி சேந்ததும் மெலிஞ்சு போறதுக்கு பல சமயம் இதுதான் காரணம். ஒரே மாடல் ரெண்டு பெட்டிய ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா இந்தத் தொல்லை இல்ல, என்னால முடிஞ்சா எப்பவும் அதத்தான் செய்வேன்.

கலந்துதான் ஆகணும்னா, இ ஸ்ட்ரிங்க ரெண்டு பெட்டியிலயும் வாசிங்க, ஆம்ப ஆஃப் பண்ணி ஒண்ண கழட்டிட்டு திரும்ப வாசிங்க. கழட்டினதும் அடி கூடிச்சுன்னா போலாரிட்டிய (ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கான்னு) பாருங்க: 9 வோல்ட் பேட்டரிய கேபிள் முனைல ஒரு நொடி தொட்டா ரெண்டு பெட்டியோட கோனும் ஒரே பக்கம் நகரணும். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர் உள்ள இருந்தா இன்னும் கவனமா பாருங்க, அதுல சிவப்பு முனைக்கு ப்ளஸ் குடுத்தா கோன் உள்ள போகும்.