பண்ருட்டிப் பலா, மார்கழி வரை

ஆனி மாதம் பண்ருட்டி பக்கம் பணிக்கன்குப்பத்தைத் தாண்டிப் போனால் சாலையோரமெல்லாம் பலா குவிந்து கிடக்கும். ஆசைப்பட்டுப் பெரிய பழமாக வாங்கிவிட்டால், ஒரு வீடு இரண்டு நாளில் தின்று தீர்க்க முடியாது. கடலூரில் எங்கள் வீட்டில் ஒரு வருஷம் மிஞ்சிய சுளைகளையெல்லாம் ஒரே பையில் திணித்து ஃப்ரீசரில் வைத்தேன். மார்கழியில் எடுத்து வெளியே வைத்தால், கிண்ணத்தின் அடியில் மஞ்சள் தண்ணீர் தேங்கியது. சுளைகள் ஈரத்துணி போலத் துவண்டு கிடந்தன. மணம் இருந்தது, இனிப்பும் இருந்தது. கடித்தால் பல்லுக்குத் தட்டுப்படும் அந்த நறுக்கு மட்டும் போய்விட்டது.

பலாச்சுளையில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு தண்ணீர்தான். அது கண்ணுக்குத் தெரியாத செல்களுக்குள் அடைபட்டு, சுவர்களை உள்ளிருந்து அழுத்திக்கொண்டிருப்பதால்தான் சுளை விறைப்பாக நிற்கிறது. காற்றடித்த பந்து போல. குளிர் ஏறும்போது முதலில் செல்களுக்கு வெளியே இருக்கும் ஈரம் உறைகிறது. அந்தப் பனித்துகள் பக்கத்துச் செல்லின் நீரை இழுத்து இழுத்து வளர்கிறது. தண்ணீர் உறைந்தால் அதன் கன அளவு 9 சதவீதம் கூடும். செல் சுருங்க, பனி பெருக்க, நடுவில் இருக்கும் மெல்லிய சவ்வும் சுவரும் கிழிகின்றன. பனி உருகிய பிறகு நீரைப் பிடித்துவைக்க அங்கே ஒன்றும் இல்லை. கிண்ணத்தில் தேங்கியது அந்த நீர்தான்.

எவ்வளவு கிழியும் என்பதை முடிவு செய்வது வேகம். காய்கனிகளில் பெரும்பாலான நீர் மைனஸ் 1க்கும் மைனஸ் 5 டிகிரிக்கும் இடையில் உறைகிறது. பலா போல இனிப்பு மிகுந்தவற்றில் சர்க்கரை காரணமாக இன்னும் சற்றுக் கீழே. இந்தக் கட்டத்தை மெதுவாகக் கடந்தால் சில பனித்துகள்களே உண்டாகி ஒவ்வொன்றும் பெரிதாக வளரும். சட்டென்று கடந்தால் ஏராளமான துகள்கள் ஒரே நேரத்தில் தோன்றும். எதற்கும் வளர இடமிருக்காது. 1910களில் கனடாவின் லாப்ரடாரில் இருந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ (Birdseye) என்ற அமெரிக்கர், அங்குள்ள இனுயிட் பழங்குடி மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் சட்டென உறைந்து, மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் புதுமீன் போல இருந்ததைக் கவனித்தார். விரைவாக உறையவைக்கும் இன்றைய தொழில் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

நம் வீட்டு ஃப்ரீசருக்கு அந்த வேகம் கிடையாது. நாம்தான் அதற்குக் கைகொடுக்க வேண்டும். நான் செய்த தவறு திணித்தது: பையின் நடுவிலிருந்த சுளைக்குக் குளிர் போய்ச்சேர ஒரு இரவு முழுக்க ஆகியிருக்கும். இப்போது கொட்டையை நீக்கி, சுளையை இரண்டாகக் கிழித்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு மணி நேரம் குளிரவிடுகிறேன். பிறகு எவர்சில்வர் தாம்பாளத்தில் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரே அடுக்காகப் பரப்பி ஃப்ரீசரில் வைக்கிறேன். உலோகம் சூட்டை வேகமாக இழுத்துவிடும். கல் போல ஆன பிறகே பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றிக் கட்டுகிறேன். பையில் காற்று தங்கினால் பனி உருகாமலே நேரடியாக ஆவியாகிப் போய், சுளையின் மேல் வெளிறிய வறண்ட திட்டுகள் விழும்.

மாம்பழத்துக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். கூழாக அடித்து வைத்தால், கிழிய வேண்டிய செல்கள் மிக்ஸியிலேயே கிழிந்துவிட்டன. பச்சை மொச்சை, முருங்கைக்காய்க்கு வேறு கதை. அவற்றின் நொதிகள் உறைநிலையிலும் முற்றாக ஓயாமல் நிறத்தையும் மணத்தையும் மெல்ல மெல்லத் தின்னும். கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து, ஈரம் துடைத்து வைக்க வேண்டும்.

மாதக்கணக்கில் வைக்க மைனஸ் 18 டிகிரி வேண்டும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் சின்ன ஐஸ் பெட்டி பெரும்பாலும் அதை எட்டாது. அதில் சில வாரங்களுக்கு மேல் வைக்காதீர்கள். கிருமிகள் குளிரில் சாவதில்லை, செயலற்றுக் கிடக்கின்றன, அவ்வளவுதான். சூடு ஏறினால் எழுந்துவிடும்.

நம் ஊரில் இதுதான் பெரிய கவலை. மார்கழியை ஒட்டித்தான் புயலும் வரும். 2011 டிசம்பர் 30 அதிகாலை ‘தானே’ புயல் கரையைக் கடந்தபின் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நிறைந்த ஃப்ரீசர், கதவைத் திறக்காமல் இருந்தால், ஏறக்குறைய 48 மணி நேரம் தாங்கும். பாதிதான் நிறைந்திருந்தால் 24 மணி நேரம். வீட்டில் ஆளில்லாதபோது எவ்வளவு நேரம் கரண்ட் போனது என்று எப்படித் தெரியும்? ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுவிடுங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் சுளையை எடுத்து, பாதி பனியோடு அப்படியே சாப்பிடலாம். நாணயம் டம்ளரின் அடியில் கிடந்தால், மேலே மறுபடி உறைந்திருந்தாலும், அந்தப் பையைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.