குடல் உருவும் கதையும் கையில் முறுக்கும்

கும்பகோணத்தில் என் கிளினிக்குக்கு ஒரு பிளஸ் டூ பையனை அவன் அம்மா அழைத்து வந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). ராத்திரியானால் போனில் கோரமான பேய்க்கதை படிக்கிறான், அதுதான் புகார். "கண்ணைத் தோண்டுச்சு, குடலை உருவுச்சுன்னு எழுதியிருக்கு டாக்டர். இவன் முறுக்கு தின்னுக்கிட்டே படிக்கிறான்!" பையன் மணிக்கட்டில் புதிதாக மந்திரித்த கறுப்புக் கயிறு.

எனக்கு அந்த முறுக்குதான் முக்கியமாகப் பட்டது.

பயம் வந்தால் மூளையில் அமிக்டலா என்ற பகுதி உஷாராகும், அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், பசி ஓடிப்போகும். நிஜ ஆபத்தில் யாருக்கும் முறுக்கு இறங்காது. கதை படிக்கும்போது நெஞ்சு அடித்துக்கொண்டாலும், நாம் இருப்பது நம் வீட்டுத் திண்ணை என்று மூளையின் முன்பகுதிக்குத் தெரியும். ஆபத்தில்லாத படபடப்பு, அது அடங்கும்போது ஒரு சுகம். திருவிழா ராட்டினத்தில் அலறிவிட்டு இறங்கியதும் மறுபடி டிக்கெட் எடுக்கிறோமே, அந்த மாதிரி. கோரக் கதையில் இன்னொரு இழுப்பும் உண்டு. உடம்புக்குள் என்ன இருக்கிறது, செத்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் வீட்டில் கேட்டால் "வாயைக் கழுவு" என்பார்கள். கதை அப்படிச் சொல்வதில்லை.

"நம்ம ஊர்ல இதெல்லாம் ஏது டாக்டர்?" என்றார் அம்மா. சோழ நாட்டில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கேட்டால் எப்படி? முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரை ஜெயங்கொண்டார் பரணியாகப் பாடினார். அதில் போர்க்களத்துப் பேய்கள் யானைத் தந்தத்தால் பல் விளக்கி, யானையின் விலா எலும்பால் நாக்கு வழித்துவிட்டு, பிணங்களைக் கொண்டு கூழ் காய்ச்சும். சொன்னதும் "சீ!" என்று முகம் சுளித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "கூழை எதுல ஊத்திக் குடிக்கும்?" என்றார். பையன் சிரித்துவிட்டான்.

அவனிடம் தனியாகப் பேசினேன். படித்து முடித்ததும் கதை மனசை விட்டுப் போய்விடுகிறது. மிருகங்களையோ மனிதர்களையோ துன்புறுத்தும் ஆசை எதுவும் இல்லை. ஆனால் படுக்க இரண்டு மணி, டியூஷனுக்கு எழுந்திருக்க ஐந்தரை. நோய் இல்லை, தூக்கக் கடன். பத்து மணிக்கு மேல் போன் கூடத்தில் இருக்கட்டும் என்றேன். கயிறா? அது பாட்டுக்கு இருக்கட்டும்.

அதே மாதிரிக் கதைகளைப் படிக்கும் ஒரு கல்லூரி மாணவி விஷயம் வேறு. பஸ் விபத்து ஒன்றைக் கண்ணெதிரே பார்த்தவள். கதை அவளுக்குப் பிடிக்கவே இல்லை. தன்னால் தாங்க முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கவே படிக்கிறாள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது அந்த ரோடு கண்முன் வந்துவிடுகிறது, பஸ் ஏறவே மாட்டேன் என்கிறாள். அவளுக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. போனைப் பிடுங்கியிருந்தால் ஒரு பயனும் இருந்திருக்காது.

சின்னப் பிள்ளைகளுக்குக் கதை எது, நிஜம் எது என்று பிரிக்கத் தெரியாது, அவர்களிடம் இதைக் கொடுக்காதீர்கள். வளர்ந்த பிள்ளை என்றால் திட்டுவதற்கு முன்னால், என்ன கதை, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டுப் பாருங்கள். முறுக்கு தின்றுகொண்டே சொன்னால் பயப்பட வேண்டாம். சொல்லும்போதே கை நடுங்கினால், தூக்கமில்லாமல் வாரக்கணக்கில் தவித்தால், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு வந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். உடனே வர முடியாதவர்கள் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.